சங்காய் மானின் பின்கால் எலும்புகள்: ஒரு வரலாறு

சங்காய் மான் என்பது இந்தியாவின் மணிப்பூர் மாநிலத்தில் மட்டுமே இயற்கையாக வாழும் ஓர் அருகிய மான் வகையாகும். இது எல்டு மான் என்னும் இனத்தின் துணையினம். இதன் அறிவியல் பெயர் ரூசர்வசு எல்டியை எல்டியை. மணிப்பூரின் மாநில விலங்கான இது, லோக்டாக் ஏரியின் தென்கிழக்கில் உள்ள கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்காவில், நீர்மேல் மிதக்கும் புல் திட்டுகளின் மீது நடமாடுகிறது. 1951இல் இம்மான் அற்றுப்போய்விட்டதாகக் கருதப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் மீண்டும் கண்டறியப்பட்டது.

மிதக்கும் நிலத்தில் நடக்கும் இந்த மானின் பின்கால், தரையில் ஓடும் பிற மான்களின் பின்காலிலிருந்து எந்த அளவுக்கு வேறுபடுகிறது என்பதை அறிய அதன் எலும்புகளின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். அந்த வரலாறு மூன்று அடுக்குகளைக் கொண்டது. முதலாவது, குளம்புள்ள விலங்குகள் அனைத்துக்கும் பொதுவான பல கோடி ஆண்டுப் பழைமை. இரண்டாவது, மான் குடும்பத்துக்கே உரிய அடையாளம். மூன்றாவது, லோக்டாக் ஏரியில் நடந்துவரும் மாற்றம்.

பெயரும் முதல் பதிவும்

இந்த மானை அறிவியல் உலகுக்கு முதலில் தெரியப்படுத்தியவர்களுள் பெர்சி எல்டு என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி குறிப்பிடத்தக்கவர். அவர் பெயராலேயே 1842இல் ஜான் மெக்கிளெலண்ட் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். உள்ளூர் மெய்தெய் மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இதனைச் 'சங்காய்' என அழைத்துவந்தனர். மெய்தெய் மொழியில் 'சா' என்றால் விலங்கு. 'ங்காய்' என்றால் காத்திருத்தல். ஓடும்போது இடையில் நின்று திரும்பிப் பார்க்கும் இயல்பால் இப்பெயர் வந்தது என்று பொதுவாக விளக்கம் தரப்படுகிறது.

ஆண் மானின் கொம்பில், நெற்றியிலிருந்து முன்னோக்கி வளரும் கிளையும் பின்னோக்கி வளையும் தண்டும் ஒரே வில்லாக இணைந்திருக்கும். இக்கொம்பே இதன் மற்றொரு பெயரான 'நெற்றிக்கொம்பு மான்' என்பதற்குக் காரணம். இந்த இனம் எந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பாரசிங்கா எனப்படும் சதுப்புநில மானுடன் சேர்த்து 'ரூசர்வசு' என்பதில் சிலர் வைக்கின்றனர். மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 'பனோலியா' என்னும் தனிப் பேரினத்தில் வைப்போரும் உள்ளனர்.

பின்காலின் எலும்புகள்

மானின் பின்காலைப் பார்ப்பவர்கள், அதன் முழங்கால் பின்புறமாக மடங்குவதாக நினைப்பது வழக்கம். பின்னோக்கித் துருத்திக்கொண்டிருக்கும் அந்த மூட்டு முழங்கால் அன்று, அது குதிகால். உண்மையான முழங்கால் வயிற்றுக்கு அருகே தோலுக்குள் மறைந்திருக்கிறது. மான் தன் விரல் நுனிகளில் நிற்கிறது. மனிதரின் பாதத்துக்கு இணையான பகுதி, மானில் தரையைத் தொடாமல் செங்குத்தாக உயர்ந்து நிற்கிறது.

இடுப்பிலிருந்து குளம்பு வரை உள்ள எலும்புகள் பின்வருமாறு:

• இடுப்பெலும்பு: மேல், பின், முன் என மூன்று எலும்புகள் ஒன்றாக இணைந்து உருவானது. மூன்றும் சந்திக்கும் இடத்தில் உள்ள கிண்ணக்குழியில் தொடையெலும்பின் தலை பொருந்துகிறது.

• தொடையெலும்பு: ஒப்பீட்டளவில் குட்டையானது. தசைகள் பற்றிக்கொள்ளும் பெரிய மேடு இதன் மேல்முனையில் உள்ளது. கீழ்முனையின் முன்பள்ளத்தில் முழங்காற்சில்லு மேலும் கீழும் வழுக்கிச் செல்கிறது.

• கணைக்கால் உள்ளெலும்பு: நீளமானது, உடலின் எடையைத் தாங்குவது.

• கணைக்கால் வெளியெலும்பு: மனிதரில் முழு நீள எலும்பாக உள்ள இது, மானில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மேல்முனையில் ஒரு சிறு முனைப்பும், கீழ்முனையில் குதிகாலை ஒட்டிய ஒரு சிறு தனி எலும்பும் மட்டுமே எஞ்சியுள்ளன.

• கணுக்கால் எலும்புகள்: ஐந்து. இவற்றுள் உருளை வடிவக் கணுவெலும்பும் பின்னோக்கி நீண்ட குதியெலும்பும் முதன்மையானவை. மற்றவற்றுள் ஒன்று, இரண்டு எலும்புகள் இணைந்து உருவான அகன்ற எலும்பு. உண்மையான அசைபோடும் விலங்குகள் அனைத்திலும் இவ்விணைப்பைக் காணலாம்.

• பாதத் தண்டெலும்பு: மூன்றாம், நான்காம் விரல்களுக்கு உரிய இரண்டு பாத எலும்புகள் கருவிலேயே இணைந்து ஒரே தண்டாகின்றன. இதைக் குறுக்கே வெட்டினால், பழைய இரு எலும்புகளின் எல்லையாக நின்ற சுவரின் எச்சத்தை உள்ளே காணலாம்.

• விரலெலும்புகள்: இரண்டு முதன்மை விரல்களிலும் மும்மூன்று. கடைசி எலும்பு குளம்புக்குள் அடங்கியிருக்கும். இவற்றின் பின்புறம் தசைநாண்கள் வழுக்கிச் செல்ல உதவும் சிறு எலும்புகள் உள்ளன. இரண்டாம், ஐந்தாம் விரல்கள் சுருங்கி, பின்புறத்தில் சிறு பக்கக் குளம்புகளாகத் தொங்குகின்றன.

இந்த அமைப்பின் பயன் வேகம். கனமான தசைகள் இடுப்புக்கும் தொடைக்கும் அருகில் குவிந்துள்ளன. கீழ்ப்பகுதியில் எலும்பும் தசைநாணும் தோலும் மட்டுமே உள்ளன. கனம் குறைந்த கீழ்க்காலை முன்னும் பின்னும் வீச ஆற்றல் குறைவாகவே தேவைப்படுகிறது. குதியெலும்பு நெம்புகோலாகச் செயல்பட்டு உடலை முன்னோக்கித் தள்ளுகிறது.

முதல் அடுக்கு: இரட்டைக் கப்பி

கணுவெலும்பின் மேல்முனையும் கீழ்முனையும் கிணற்றுக் கப்பியைப் போல நடுவில் பள்ளமும் இருபுறமும் மேடும் கொண்டவை. மேல் கப்பி கணைக்கால் எலும்போடும், கீழ் கப்பி பாதத்தின் எலும்புகளோடும் பொருந்துகிறது. இதனால் கால் முன்னும் பின்னும் நன்றாக மடங்கும், பக்கவாட்டில் பிறழாது. மான், மாடு, ஆடு, பன்றி, ஒட்டகம் என இரட்டைப்படைக் குளம்பிகள் அனைத்திலும் இந்த இரட்டைக் கப்பி உள்ளது. இரட்டைப்படைக் குளம்பிகள் என்னும் பிரிவுக்கு 1848இல் பெயர் தந்தவர் இரிச்சர்டு ஓவன்.

இச்சிறு எலும்பு, உயிரியலின் பெரிய கேள்வி ஒன்றுக்கு விடை தந்தது. திமிங்கிலங்கள் எந்தத் தரைவிலங்கிலிருந்து வந்தன என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. 2001இல் பாக்கித்தானில் கிடைத்த தொன்மையான திமிங்கிலங்களின் புதைபடிவங்களில் இரட்டைக் கப்பிக் கணுவெலும்பு இருப்பது அறிவிக்கப்பட்டது. திமிங்கிலங்களும் இரட்டைப்படைக் குளம்பிகளும் ஒரே கிளையைச் சேர்ந்தவை என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. சம்மு-காசுமீரின் காலாகோட் பகுதியில் இந்திய நிலவியலாளர் ஏ. இரங்கா ராவ் சேகரித்த பாறைகளில், இந்தோகையசு என்னும் சிறு விலங்கின் எலும்புகள் இருந்தன. அவர் மறைவுக்குப் பின் அப்பாறைகளை உடைத்து ஆராய்ந்த அன்சு தெவிசென் குழுவினர், திமிங்கிலங்களின் மிக நெருங்கிய உறவினமாக இவ்விலங்கை 2007இல் அறிவித்தனர். அது ஏறத்தாழ 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. மெல்லிய கால்களுடன் சருகுமானை ஒத்த தோற்றம் கொண்டது. சங்காய் மானின் கணுவெலும்பு அந்தப் பழைய அமைப்பையே இன்றும் தாங்கியிருக்கிறது.

இரண்டாம் அடுக்கு: மானா, மறிமானா?

சென்னை கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் அருகருகே மேய்வதைக் காணலாம். பேச்சு வழக்கில் இரண்டும் மான்களே. அறிவியல் பகுப்பில் புள்ளிமான் மான் குடும்பத்தைச் சேர்ந்தது. வெளிமான் மாடு, ஆடு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மறிமான். புள்ளிமானின் கொம்பு கிளைவிட்டு வளர்ந்து விழுந்து மீண்டும் முளைக்கும். வெளிமானின் முறுக்குக் கொம்பு கிளைவிடாது, விழாது. கொம்பில்லாத பெண் விலங்கின் எலும்புக்கூடு மட்டும் கிடைத்தால் என்ன செய்வது? அங்கே பின்காலின் பாதத் தண்டெலும்பு உதவுகிறது.

இவ்வெலும்பின் முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு நீள்பள்ளம் ஓடுகிறது. மான் குடும்பத்தில் இப்பள்ளம் கீழ்முனைக்குச் சற்று மேலே ஓர் எலும்புப் பாலத்தால் மூடப்பட்டிருக்கும். மாட்டுக் குடும்பத்தில் அது மூடப்படாமல் திறந்தே முடியும். ஆட்டுக்கால் வாங்கும் வீட்டில் கொதித்துச் சதை நீங்கிய பின்கால் தண்டெலும்பைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஆழமற்ற பள்ளம் பாலமின்றி முடிவதைக் காணலாம். இந்த வேறுபாட்டை 1963இல் பிரெஞ்சுத் தொல்லுயிரியலாளர் எமில் எயின்சு முறையாக எடுத்துரைத்தார். அதன் பின் புதைபடிவ ஆய்விலும் தொல்லியல் அகழாய்விலும் இது வழக்கமான அடையாளமாயிற்று.

அதற்கு முன்பே, 1878இல் விக்டர் புரூக் என்பவர் மான் குடும்பத்தையே கால் எலும்புகளைக் கொண்டு இரண்டாகப் பிரித்திருந்தார். அவர் பார்த்தது முன்காலை. பக்கவிரல்களின் பாத எலும்பு எச்சம் மேல்முனையில் எஞ்சியிருப்பவை ஒரு பிரிவு. கீழ்முனையில் எஞ்சியிருப்பவை மற்றொரு பிரிவு. புள்ளிமான், கடமான், சங்காய் ஆகிய மூன்றும் முதல் பிரிவைச் சேர்ந்தவை. மான்களைக் கொம்பால் மட்டுமே வகைப்படுத்திவந்த காலத்தில், காலின் எலும்பும் உறவுமுறையைச் சொல்லும் என்று காட்டியது இப்பகுப்பு.

இவ்வறிவுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சங்காய் மான் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. வேட்டை வழக்கில் கைப்பற்றப்படும் எலும்பு ஆட்டினுடையதா மானுடையதா என்பதை முதலில் எலும்பின் வடிவமே காட்டுகிறது. எந்த இனத்து மான் என்பதை உறுதிசெய்ய மரபணுச் சோதனை பின்தொடர்கிறது.

மூன்றாம் அடுக்கு: மிதக்கும் நிலத்தில் நடை

லோக்டாக், வடகிழக்கு இந்தியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. அழுகிய தாவரங்களும் மண்ணும் வேர்களும் பின்னிப் பிணைந்த தடித்த திட்டுகள் அதன்மேல் மிதக்கின்றன. இவற்றுக்கு உள்ளூர்ப் பெயர் 'பும்டி'. பனிப்பாறையைப் போலவே, திட்டின் சிறு பகுதியே நீருக்கு மேலே தெரியும். பெரும்பகுதி நீருக்குள் இருக்கும். சுமார் 40 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கெய்புல் லம்ஜாவோ பூங்காவின் பெரும்பகுதி இத்தகைய திட்டுகளே. அதனால் இது உலகின் ஒரே மிதக்கும் தேசியப் பூங்கா என்று அழைக்கப்படுகிறது.

எடையைத் தாங்காத நிலத்தில் நடக்க, எடையைப் பரந்த பரப்பில் பகிர வேண்டும். சேற்று வயலில் எருமையின் அகன்று விரியும் குளம்பு குறைவாகவே புதைவது இதனால்தான். சங்காய் மான் இதை வேறு வழியில் செய்கிறது. குளம்பின் நுனியில் மட்டும் ஊன்றாமல், குளம்புக்கு மேலுள்ள விரற்பகுதியின் பின்புறமும் தரையில் படியும்படி நடக்கிறது என விவரிக்கப்படுகிறது. எலும்புகளின் மொழியில் சொன்னால், நிமிர்ந்து நிற்க வேண்டிய முதல், இரண்டாம் விரலெலும்புகள் இங்குக் கிடைநிலைக்குச் சாய்கின்றன. தரையில் படும் அப்பகுதியின் தோல் தடித்துக் கடினமாகியுள்ளது. மெத்தென்ற திட்டின்மேல் துள்ளித் துள்ளிச் செல்லும் இந்நடையால் இது 'நடன மான்' என்றும் பெயர் பெற்றது.

இங்கே கவனிக்க வேண்டியது, சங்காய் மானின் பின்காலில் புதிய எலும்பு எதுவும் தோன்றவில்லை என்பதே. இடுப்பு முதல் குளம்பு வரை எலும்புகளின் எண்ணிக்கையும் வரிசையும் புள்ளிமானில் உள்ளவையே. எல்டு மானின் மற்றொரு துணையினமான தாமின், மியன்மாவின் வறண்ட இலையுதிர் காடுகளில் கெட்டியான தரையில் வாழ்கிறது. ஓர் இனத்தின் ஒரே எலும்புச் சட்டகம் காய்ந்த காட்டிலும் மிதக்கும் புல்லிலும் பயன்படுகிறது. மாறியிருப்பவை நிற்கும் கோணமும் தோலும் நடக்கும் பழக்கமும்தாம்.

பாரசிங்காவிலும் இதற்கு இணை உண்டு. தெராய்ச் சதுப்புகளில் வாழும் பாரசிங்காவின் குளம்புகள் விரிந்தவை. மத்தியப் பிரதேசத்தின் கான்கா பகுதியில் கெட்டித் தரையில் வாழும் துணையினத்தின் குளம்புகள் நெருங்கி அமைந்தவை. நிலத்துக்கேற்ப மான்களின் பாதம் நுனியில் மாறுகிறது. அதற்கு மேலுள்ள எலும்புச் சட்டகம் பழையபடியே நிற்கிறது.

மறைவும் மீட்சியும்

ஒரு காலத்தில் மணிப்பூர்ப் பள்ளத்தாக்கின் தாழ்நிலங்களில் பரவலாக இருந்த சங்காய், வேட்டையாலும் சதுப்பு நிலங்கள் வயல்களாக மாறியதாலும் சுருங்கியது. 1951இல் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 1953இல், அசாமில் தேயிலைத் தோட்டப் பணியில் இருந்த இயற்கையியலாளர் இ. பி. சீ, லோக்டாக் ஏரியின் திட்டுகளில் இன்னும் சில மான்கள் எஞ்சியிருப்பதை வெளிக்கொணர்ந்தார். 1966இல் கெய்புல் லம்ஜாவோ சரணாலயமாகவும், 1977இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது.

இடைப்பட்ட 1975இல் எம். கே. இரஞ்சித்சிங் மேற்கொண்ட வான்வழிக் கணக்கெடுப்பில் 14 மான்கள் மட்டுமே காணப்பட்டன. அவற்றுள் 5 ஆண், 6 பெண், 3 குட்டிகள். உலகில் காட்டில் எஞ்சிய சங்காய் மான்களின் கணக்கு அவ்வளவுதான். பாதுகாப்பின் பயனாக எண்ணிக்கை மெல்ல உயர்ந்தது. 2003இல் 180 ஆகவும், 2013இல் 204 ஆகவும், 2016இல் 260 ஆகவும் கணக்கிடப்பட்டது. கொல்கத்தா, தில்லி உள்ளிட்ட உயிரியல் பூங்காக்களிலும் இவை வளர்க்கப்படுகின்றன.

மீட்சி கிட்டாதபோது என்ன நேரும் என்பதற்குத் தாய்லாந்தின் சோம்பர்கு மான் சான்று. சங்காயோடு ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டுவந்த அம்மானும் நீர்தேங்கும் சமவெளிகளில் வாழ்ந்தது. அந்நிலங்கள் நெல்வயல்களாயின. 1930களில் அவ்வினம் அற்றுப்போனது. இன்று அதன் கொம்புகளும் சில எலும்புகளும், பாரிசு அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்ட ஓர் உருவமும் உள்ளன. அது எவ்வாறு நடந்தது, சேற்றில் எவ்வாறு காலூன்றியது என்பதை எலும்பு மட்டும் முழுமையாகச் சொல்லாது. நடை என்பது உயிருள்ள விலங்கில் மட்டுமே காணக்கூடியது.

அணையும் மெலியும் திட்டும்

1983இல் மணிப்பூர் ஆற்றின் குறுக்கே இத்தாய் தடுப்பணை செயல்பாட்டுக்கு வந்தது. 105 மெகாவாட் திறனுள்ள லோக்டாக் நீர்மின் திட்டத்துக்காக ஏரியின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் உயர்வாக வைக்கப்பட்டது. மின்சாரமும் பாசனமும் கிடைத்தன. ஆனால் திட்டுகளின் பழைய சுழற்சி தடைப்பட்டது.

முன்பு கோடைகாலத்தில் நீர் வடியும்போது திட்டுகள் ஏரியின் அடித்தரையில் படியும். அவற்றின் தாவரங்கள் தரையில் வேரூன்றிச் சத்தை எடுத்துக்கொள்ளும். மழை வந்ததும் தடித்த திட்டாக மீண்டும் மேலெழும். நீர்மட்டம் இறங்காதபோது அவை தரையைத் தொடுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு மெலிகின்றன. 1990இல் இராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட லோக்டாக், இச்சூழலியல் மாற்றங்களால் 1993இல் மோன்றோ பதிவேட்டிலும் சேர்க்கப்பட்டது.

திட்டு மெலிந்தால் முதலில் பாதிக்கப்படுவது சங்காய் மானின் கால். வளர்ந்த மானின் தோள் உயரம் ஏறத்தாழ 115 முதல் 125 சென்டிமீட்டர். அவ்வளவு பெரிய உடலைத் தாங்கும் தடிமன் இல்லாத இடத்தில் கால் திட்டைத் துளைத்துக்கொண்டு நீருக்குள் இறங்கும். மேயவும் குட்டி ஈனவும் தகுந்த கெட்டியான பகுதிகள் சுருங்கும். ஒரே இடத்தில் வாழும் சிறு கூட்டம் என்பதால், நோயோ வெள்ளமோ அனைத்தையும் ஒருங்கே தாக்கக்கூடும். ஆகவே பும்லென் ஈரநிலம் போன்ற இடங்களில் இரண்டாவது வாழிடம் அமைக்கும் யோசனை முன்வைக்கப்பட்டுள்ளது. நீர்மட்டத்தைப் பருவத்துக்கேற்ப இறக்கி ஏற்ற வேண்டும் என்ற கோரிக்கையும் நெடுநாளாக உள்ளது.

முக்கியத்துவம்

சங்காய் மானின் பின்கால் சதுப்புக்கென்று தனியாக உருவான கருவி அன்று. கெட்டித் தரையில் விரைந்து ஓடுவதற்காகப் பல கோடி ஆண்டுகளில் அமைந்த எலும்புகளை, சாய்ந்த விரலாலும் தடித்த தோலாலும் கவனமான நடையாலும் மிதக்கும் புல்லுக்குப் பொருத்திக்கொண்டிருக்கிறது இம்மான். இரட்டைக் கப்பி போன்ற அமைப்பு மாறப் பல இலட்சம் ஆண்டுகள் வேண்டும். லோக்டாக்கின் திட்டுகள் மெலிய நாற்பது ஆண்டுகள் போதுமானவையாக இருந்தன. இவ்விரு வேகங்களுக்கும் இடையில் மானின் எலும்பு தன்னை மாற்றிக்கொள்ள வழியில்லை. மாற்றக்கூடியது ஏரியின் நீர்மட்டம் ஒன்றே. அது மனிதர் கையில் உள்ளது.